சீலிங் அக்காவும் மஞ்சள் ரப்பர் பட்டையும்

பெயிண்ட் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோருக்குச் சீலிங் என்றாலே முகம் சுருங்கும். சுவர் எதிரே நிற்கும், சொன்னபடி கேட்கும். சீலிங் அப்படியில்லை. கழுத்தை ஒடிக்கும், கண்ணில் சொட்டும், முழங்கை வழியாக ஓடி இடுப்புவரை நனைக்கும். நன்றாகப் பூசினால் யாரும் அண்ணாந்து பார்க்க மாட்டார்கள். பூசியது கெட்டுப்போனால் மட்டும் வீட்டுக்கு வருகிற அத்தனை பேர் கண்ணிலும் படும். அப்படிப்பட்ட வேலையைத்தான் அவள் ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டாள். அதனால்தான் அவளுக்குச் சீலிங் அக்கா என்று பெயர். சுவரைத் தவிர வேறெதையும் தொடாத அவள் கணவருக்குச் சுவர்க்காரர் என்று பெயர்.

இந்தப் பங்கீடு கல்யாணமான புதிதில் ஏற்பட்டது. அன்று அவள் சாப்பாடு கொண்டுபோனபோது அவர் ஏணி உச்சியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார். அண்ணாந்தால் அவருக்குத் தலை சுற்றும். அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"என்னங்க, மேல தூங்குறீங்களா?"

"பெயிண்ட் காயட்டும்னு நிக்கிறேன்."

"கண்ண மூடிட்டா சீக்கிரம் காயுமோ? இறங்குங்க, சாப்பாடு ஆறுது."

அவர் இறங்கி, தரையில் உட்கார்ந்து, தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டார். சாப்பிடுகிற வரைக்கும் சும்மா இருப்பானேன் என்று அவள் ரோலரை எடுத்துக்கொண்டு ஏறினாள். அவர் சாப்பிட்டு முடித்தபோது பாதிச் சீலிங் முடிந்திருந்தது. அதைவிட ஒன்று அவரை அசத்தியது. அவ்வளவு நேரமும் அவர் அவளுக்கு நேர் கீழேதான் உட்கார்ந்திருந்தார். தட்டில் ஒரு சொட்டு விழவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகள், பள்ளிக்கூடங்கள், கடைகள். அவர்களுடைய மகள் நடக்கப் பழகியதே சாரத்துப் பலகைகளுக்கு அடியில்தான். அவளும் இப்போது கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறாள்.

சீலிங் வேலையில் ஒரே ஒரு சூட்சுமம்தான் உண்டு. ஒரு பட்டை அடித்தால், அதன் ஓரம் காய்வதற்குள் அடுத்த பட்டை அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட வேண்டும். ஓரம் காய்ந்த பிறகு அடித்தால் அந்த இடத்தில் ஒரு கோடு விழும். தொழிலில் அதை ஒட்டு என்பார்கள். கை மாறினாலும் ஒட்டுத் தெரியும். ஒரு கடிதத்தை இரண்டு பேர் எழுதினால் தெரிவதுபோல. எனவே எவ்வளவு பெரிய கூடமானாலும் கடைசிப் பூச்சை ஒரே கை, ஒரே மூச்சில், நடுவில் நிற்காமல் முடித்தாக வேண்டும்.

ஒவ்வொரு வேலையின் முடிவிலும் சுவர்க்காரர் தரையில் மல்லாந்து படுத்துக்கொள்வார். படுத்துப் பார்த்தால் அவருக்குத் தலை சுற்றுவதில்லை. ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்போது ஒட்டு இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். கண்டுபிடித்தால் அன்று சாயங்காலம் டீ போடுவது அவள், இல்லாவிட்டால் அவர். இத்தனை வருஷத்தில் டீ போடுவதில் அவர் பெரிய ஆளாகிவிட்டார்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் நூலகத்தில் வைத்துக் கை நின்றுபோனது.

அது நகராட்சியின் பொது நூலகம். அதன் வாசிப்புக் கூடம் நீளமானது. ஒரு பக்கம் முழுக்க உயர்ந்த ஜன்னல்கள். வெளிச்சம் சீலிங்கைத் தடவிக்கொண்டு போகும். அந்தக் கூடத்தில் எந்தத் தப்பையும் மறைக்க முடியாது. சுவரோடு பதித்த அலமாரிகளில் புத்தகங்கள் அப்படியே இருந்ததால், புகையாகப் படியும் மெஷின் ஸ்ப்ரே வேண்டாம், ரோலர்தான் என்று நூலகர் பிடிவாதமாகச் சொல்லியிருந்தார்.

சில மாதங்களாகவே அவளுக்கு வலது தோள் வலித்துக்கொண்டிருந்தது. கை கீழே இருந்தால் ஒன்றுமில்லை; முழுக்க மேலே போய்விட்டாலும் ஒன்றுமில்லை; நடுவழியில் மட்டும் யாரோ உள்ளே கத்தியை வைத்துத் திருகுவதுபோல இருக்கும். அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூக்கம் போய்விடும். அவள் தைலம் தேய்த்துச் சமாளித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் இருந்தாள். கூடத்தின் கடைசிப் பூச்சில் சரியாகப் பாதி தாண்டியபோது ரோலர் அவள் கையிலிருந்து விழுந்தது. சுவர்க்காரர் எடுத்துக் கொடுத்தார். மறுபடி தூக்கப் பார்த்தாள். கை மார்பு உயரம்வரை வந்தது. அதற்குமேல் அது வேறு யாருடைய கையோபோல அடம்பிடித்தது.

சுவர்க்காரர் பதறிப்போய்த் தானே சாரத்தில் ஏறி, தலை சுற்றலைப் பொறுத்துக்கொண்டு மிச்சத்தைப் பூசினார். மறுநாள் காலை வெளிச்சத்தில் பார்த்தால் கூடத்தின் குறுக்கே கரைபோல ஒரு கோடு. இந்தப் பக்கம் அமைதியாகக் கிடந்தது. அந்தப் பக்கம் மேடும் பள்ளமுமாக இருந்தது.

நூலகர் நல்ல மனுஷர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "கோடை விடுமுறை முடிஞ்சு கூடத்தத் திறக்கணும். அதுக்கு முன்னாடி முழுசா இன்னொரு கோட் அடிச்சாகணும். அக்காவால முடியும்னா நான் காத்திருக்கேன். முடியலன்னா சொல்லிடுங்க, வேற ஆளப் பாக்குறேன். கோபிச்சுக்கக் கூடாது."

"வேற ஆளு வேணாம் சார்" என்று அவள் உடனே சொல்லிவிட்டாள். சொல்லும்போது அவளுடைய இடது கை வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தது. அதைச் சுவர்க்காரர் பார்த்தார்.

*

டாக்டர் படமெடுத்துப் பார்த்துவிட்டு, எதுவும் கிழியவில்லை, ஊசி இப்போது வேண்டாம், முதலில் பிசியோதெரபி என்று அனுப்பிவைத்தார். பிசியோதெரபி அம்மாள் பருத்த உடம்பும் குறும்புப் பேச்சுமாக இருந்தாள். கட்டிலில் படுக்கவைத்துக் கையை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தாள்.

"இங்க வலிக்குதா?"

"யாரும்மா இத அடிச்சது?"

"யாரு அடிச்சாங்க? கேஸ் போடணுமா?"

"ஐயோ, என்னை இல்ல. சீலிங்க. பாருங்க, எத்தன ஒட்டு. நோயாளிங்க நாள் பூரா இதத்தான பாத்துக்கிட்டுப் படுத்திருக்காங்க? பாவம்."

"அத நீங்க வந்து சரிபண்ணலாம். முதல்ல உங்க கூரைய நான் சரிபண்ணிக்கிறேன்."

அப்புறம் அந்த அம்மாள் பிளாஸ்டிக்கில் செய்த ஒரு தோள் எலும்பை எடுத்து வந்து இருவருக்கும் காட்டினாள். கை எலும்பின் தலை ஒரு உருண்டை. அதற்குமேலே தோள்பட்டை எலும்பிலிருந்து ஒரு நீட்டல், கூரைபோல. உருண்டைக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு சந்து. அந்தச் சந்துக்குள்தான் கையைத் தூக்குகிற தசையின் நாண் போகிறது. உருண்டை நடுவில் நின்றால் நாண் தாராளமாக நழுவும். உருண்டையைக் கீழே பிடித்துவைக்கிற சின்னத் தசைகள் அசந்துபோனால் அது மேலே ஏறி, நாணைக் கூரையோடு வைத்து நசுக்கும்.

சுவர்க்காரர் அந்தச் சந்தில் தன் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். நுனிகூடச் சரியாக நுழையவில்லை. இவ்வளவு வருஷத்துச் சீலிங் எல்லாம் இந்த இடுக்கு வழியாகவா போயிற்று என்று அவருக்கு மலைப்பாக இருந்தது. கதவிடுக்கு வழியாகக் கடலைக் கொண்டுபோனதுபோல.

"இந்தச் சின்னத் தசைங்களுக்குத்தான் பயிற்சி" என்றாள் பிசியோ அம்மாள். மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று மூன்று ரப்பர் பட்டைகளைக் கொடுத்தாள். "இப்போதைக்கு மஞ்சள் மட்டும். கதவுக் கைப்பிடியில கட்டிக்கோங்க. முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவுல ஒரு துண்டச் சுருட்டி வெச்சுக்கோங்க. முழங்கைய மடக்கி, முன்கைய மட்டும் வெளிப்பக்கமாத் திருப்பணும், கதவு திறக்குற மாதிரி. துண்டு கீழ விழக் கூடாது. தோள் காது பக்கம் ஏறக் கூடாது. திரும்பி வரும்போது விட்டுடாதீங்க, மெதுவா வாங்க. லேசா வலிச்சாப் பரவால்ல, சுருக்குன்னா நிறுத்திடுங்க. பல்லக் கடிச்சுக்கிட்டு செய்யவே கூடாது. நான் சொல்ற வரைக்கும் மத்த ரெண்டும் அலமாரியில தூங்கட்டும்."

வீட்டுக்கு வந்ததும் மூன்று பட்டைகளையும் மேஜைமேல் போட்டுவிட்டு இருவரும் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மஞ்சளாமே" என்றார் சுவர்க்காரர்.

"ம்."

"மஞ்சள்!"

அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. பெயிண்ட் வேலையில் மஞ்சளைப்போல உருப்படாத நிறம் கிடையாது. ஒரு கோட் அடித்தால் அடியில் இருக்கிற கறையெல்லாம் பல்லிளிக்கும். இன்னொரு கோட் அடித்தாலும் பல்லிளிக்கும். மஞ்சள் கேட்கிற வீட்டுக்காரரைக் கண்டாலே சுவர்க்காரர் நழுவப் பார்ப்பார். கறுப்போ ஒரே இழுப்பில் எல்லாவற்றையும் மூடிவிடும். வாழ்நாளெல்லாம் இதைக் கண்ணால் கண்டவர்களுக்கு, நிறத்தைப் பற்றி ஆஸ்பத்திரிக்காரர்கள் என்ன சொல்லிவிட முடியும்?

"அவங்க எல்லாருக்கும் சொல்றதத்தான் உனக்கும் சொல்லியிருப்பாங்க" என்றார் அவர். "உட்கார்ந்து எழுதுறவங்களுக்கு மஞ்சள் போதும். நீ ரோலர் தூக்குனவ. கறுப்பக் கட்டு. சீக்கிரம் முடிச்சிட்டு நூலகத்துக்குப் போவோம்."

நிற விஷயத்தில் அவர் சொல்லை அவள் தட்டியதில்லை. கறுப்பைக் கட்டினாள். அது சாரத்தில் போட்ட கயிறுபோல இறுகிக் கிடந்தது. அவள் உடம்பு முழுவதையும் முறுக்கி இழுத்தாள். துண்டு விழுந்தது, தோள் காதைத் தொட்டது, பல் நறநறத்தது. நாலு நாள் அப்படியே செய்தாள். அடுத்த நாள் காலையில் அவளால் தம்ளரைத் தூக்க முடியவில்லை.

மறுபடி பிசியோ அறை. அந்த அம்மாள் தோளைத் தொட்டதுமே கண்டுபிடித்துவிட்டாள்.

"எந்தக் கலர் கட்டினீங்க?"

சுவர்க்காரர் கறுப்பு என்று ஒப்புக்கொண்டுவிட்டு, மஞ்சளின் இழிகுணங்களை ஒன்றுவிடாமல் எடுத்துச் சொன்னார். பிசியோ அம்மாள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ சிரிக்க ஆரம்பித்து, நிற்க முடியாமல் நோயாளிக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பெரியவரே, இது பெயிண்ட் இல்ல, ரப்பர். கறுப்புன்னா ரொம்ப விறைப்பு. அத இழுக்க அந்தக் குட்டித் தசைங்களால முடியாது. அதனால கழுத்து, முதுகுன்னு பெரிய தசையெல்லாம் ஓடிவந்து இழுத்துடும். குட்டிங்க வேடிக்கை பாக்கும். உருண்டை இன்னும் மேல ஏறும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "ஆமா, மஞ்சள் அடிச்சே ஆகணும்னு ஒரு வீட்டுக்காரர் சொன்னா என்ன செய்வீங்க?"

சீலிங் அக்காதான் பதில் சொன்னாள். "அடியில வெள்ளைய நல்லாப் போட்டுட்டு, மெல்லிசா, காயக்காய, பல கோட் அடிப்போம். கனமா அடிச்சா வழிஞ்சிடும்."

"அப்புறம் எதுக்கு என்கிட்ட வந்தீங்க? அதையே செய்யுங்க."

*

வலி தணியச் சில நாள் ஓய்வு. பிறகு கதவுக் கைப்பிடியில் மஞ்சள் ஏறியது.

தினமும் காலையில் சுவர்க்காரர் அவளுக்குத் தலை பின்னிவிடுவார். பின்னலுக்குக் கை பின்னால் போக வேண்டும். அது அவளால் ஆகாது. அவர் சீப்பை எடுத்தால் வீடே சிரிக்கும்.

"சுவர் அடிக்கிற மாதிரி மேலருந்து கீழ ஒரே இழுப்பா இழுக்காதீங்க. அது தலைமுடிங்க."

"ஆடாம இரு. ஓரம் பிசிறுது."

"ரெண்டாவது கோட் போடுவீங்களோ?"

பின்னல் கோணலாக முடிந்ததும் அவள் எழுந்துபோய்க் கதவருகில் நிற்பாள். துண்டைச் சுருட்டி விலாவில் வைத்து, முழங்கையை அதன்மேல் சாத்தி, முன்கையை வெளியே திருப்புவாள். பட்டை ஒரு சாண் நீளும். பிறகு அதைவிட மெதுவாகத் திரும்பி வரும். அவ்வளவுதான். தெருவில் போகிற யாராவது எட்டிப் பார்த்தால், கதவைத் திறக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நிற்கிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

அவருக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஒருநாள் அவள் கடைக்குப் போயிருந்த நேரம், அந்தப் பட்டையைத் தானே பிடித்துப் பார்த்தார். முரட்டுத்தனமாக ஒரு இழு இழுத்தார். ரப்பர் சவசவவென்று வந்தது. ச்சே, இவ்வளவுதானா என்றிருந்தது. பிறகு ஏதோ தோன்றி, துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு, தோளை இறக்கி, அவள் செய்கிற அதே நிதானத்தில் செய்தார். கொஞ்ச நேரத்தில் தோளுக்குள் எங்கோ ஆழத்தில், அதுவரை இருப்பதே தெரியாத ஒரு இடத்தில், தீக்குச்சி உரசியதுபோலச் சூடேறியது. முன்கை தானாக நடுங்கியது. துண்டு பொத்தென்று விழுந்தது. சிமெண்ட் மூட்டை தூக்கியவர் அவர். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கதவில் தொங்கிய அந்த அற்ப மஞ்சள் நாடாவைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.

அன்றிலிருந்து அவள் பயிற்சி செய்யும்போது அவர் செய்தித்தாளைக் கீழே வைத்துவிடுவார். பட்டையை இரண்டு கையாலும் தன்னை நோக்கி இழுக்கிற இன்னொரு பயிற்சியையும் பிசியோ அம்மாள் சேர்த்திருந்தாள். அதைச் செய்கிறபோது அவள் முதுகு அவர் பக்கம் இருக்கும். ரவிக்கைக்கு அடியில் இரண்டு தோள்பட்டை எலும்புகளும் மெல்ல நடுவை நோக்கி வந்து, ஒரு நொடி நின்று, பிரிந்து போகும். ஆரம்பத்தில் வலது பக்கம் தயங்கித் தயங்கிப் பின்னால் வந்தது. வாரங்கள் போகப்போக இரண்டும் ஒன்றாக வர ஆரம்பித்தன. எத்தனை ஆயிரம் முறை இந்த முதுகு அவருக்கு மேலே சாரத்தில் நின்றிருக்கிறது! அவர் சீலிங்கைப் பார்த்தாரே தவிர அதைப் பார்த்ததில்லை. உள்ளே இப்படி ஒரு இயந்திரம் எண்ணெய்கூடக் கேட்காமல் ஓடிக்கொண்டிருந்தது இப்போதுதான் தெரிந்தது.

மஞ்சள் சலித்துப்போய், சிவப்பு வந்தது. கறுப்பைத் தொடவே வேண்டாம் என்று சொல்லிவிட்ட பிசியோ அம்மாள், சீலிங் அடிக்கிற முறையையும் மாற்றச் சொன்னாள். சாரத்தில் நின்று தலைக்கு மேலே குட்டை ரோலர் பிடிப்பது இனி கூடாது. தரையில் நின்று நீளக் கோலில் ரோலரை மாட்டி, முழங்கையை மார்புக்குக் கீழேயே வைத்துக்கொண்டு, காலால் முன்னும் பின்னும் நடந்து அடிக்க வேண்டும்.

"கோலா? கோல் வெச்சா சீலிங் கைக்குப் பேசாது மேடம்."

"பேச வைங்க."

வீட்டுக் கூடத்துச் சீலிங்கில் பழகினாள். முதல் தடவை அடித்ததைப் படுத்துப் பார்த்துவிட்டுச் சுவர்க்காரர், "இன்னைக்கு டீ நீதான்" என்றார். கல்யாணத்துக்குப் பிறகு அதிகம் கேட்காத வாக்கியம். அவள் முறைத்துக்கொண்டே டீ போட்டாள். அடுத்த வாரம் அதே சீலிங்கை மறுபடி அடித்தாள். அதற்கடுத்த வாரமும். வீட்டின் அந்தக் கூடம் ஊரிலேயே அதிக கோட் வாங்கிய கூடமாக ஆனது.

*

விடுமுறை முடிகிற சமயம் நூலகத்துக்குப் போனார்கள். நூலகர் மேஜைகளை நடுவிலிருந்து ஒதுக்கி, அலமாரிகளைத் துணியால் மூடி வைத்திருந்தார். சீலிங்கின் குறுக்கே அந்தக் கோடு அப்படியே காத்திருந்தது.

"அக்கா, முடியும்ல?"

"அடிச்சுப் பாத்தாத்தான் சார் தெரியும்."

சுவர்க்காரர் தட்டில் பெயிண்ட்டை ஊற்றினார். இன்னொரு கோலில் இன்னொரு ரோலரையும் மாட்டிச் சுவரில் சாய்த்து வைத்தார். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அவள் கை நின்றுபோனால் ஓரம் காய்வதற்குள் அவர் எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்தால் கோடு நிரந்தரம். இருவருக்கும் அது தெரியும்.

ஜன்னல் பக்கமிருந்து ஆரம்பித்தாள். முன்னால் நடை, பின்னால் நடை. முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துண்டு அங்கே இன்னும் இருப்பதுபோல. ரோலரின் ஈரச் சத்தம் கூடம் முழுக்க ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. பழைய கோடு இருந்த இடத்தைத் தாண்டினாள். முக்கால் கூடம் போனதும் சத்தம் நின்றது.

சுவர்க்காரர் நிமிர்ந்தார். அவள் கோலை மார்பில் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தாள். வலது தோள் மெல்லக் காதை நோக்கி ஏறியிருந்தது. அவர் சாய்த்து வைத்த கோலை எடுத்துக்கொண்டு வந்தார். மேலே ஓரத்தின் பளபளப்பு மங்க ஆரம்பித்திருந்தது.

"குடும்மா. போதும்."

"நில்லுங்க."

"ஓரம் காயுது."

"தெரியுது. நில்லுங்கன்னேன்ல."

கண்ணை மூடினாள். தோளைக் கீழே இறக்கினாள். முதுகில் அந்த இரண்டு எலும்புகளும் ஒன்றாக நடுவுக்கு வந்து, நின்று, பிரிந்தன. மூச்சை விட்டாள். கோலை எடுத்து, காயப்போன ஓரத்தின்மேல் ரோலரை ஏற்றினாள். அவசரம் இல்லை, அழுத்தம் இல்லை, ஒரு சாண் ரப்பரை இழுக்கிற அதே நிதானம். சத்தம் மறுபடி ஆரம்பித்தது. சுவர்க்காரர் கையில் கோலோடு, அதைக் கீழே வைக்கவும் தோன்றாமல், கடைசிச் சுவர்வரை அவள் பின்னாலேயே நடந்தார்.

காய்ந்த பிறகு, மாலை வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து வந்தபோது அவர் தரையில் படுத்தார். நூலகரும் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, சட்டை அழுக்காகும் என்பதை மறந்து பக்கத்தில் படுத்தார். மேலே வெள்ளை மட்டும் இருந்தது. ஆரம்பமும் முடிவும் இல்லாத ஒரே வெள்ளை.

"ஒண்ணும் தெரியலயே" என்றார் நூலகர்.

"தெரியக் கூடாது சார். அதான் வேலை" என்று சொல்லிவிட்டுச் சுவர்க்காரர் தலையைத் திருப்பினார்.

அவள் ஜன்னலோரம் நின்று தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். காலையில் அவர் போட்ட கோணல் பின்னல் கலைந்து தொங்கியது. அதை உதறிவிட்டு, ஏதோ நினைப்பில், இரண்டு கைகளையும் ஒன்றாகத் தூக்கித் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், கூந்தலைச் சுருட்டிக் கொண்டை போட்டாள். நடுவழியில் கை எங்கும் நிற்கவில்லை. தான் என்ன செய்தோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

"என்னங்க, பேச்சையே காணோம்? ஒட்டுத் தெரியுதா?"

அவர் அப்போது சீலிங்கைப் பார்க்கவே இல்லை.

"எங்கயும் தெரியல" என்றார். "வா, போலாம். டீ நான் போடுறேன்."